துண்டிக்க மறுத்த தொலைபேசி



தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது மறுமுனை திடீரென்று அமைதியாகிவிடுகிறது. அவர் பேசி முடித்துவிட்டாரா? அல்லது அவருக்கு ஏதேனும் ஆகிவிட்டதா? அமைதியை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. இதே குழப்பம் இயந்திரங்களுக்கும் வரும். எங்கள் பள்ளிக் கணினிக் கழகத்தை இரண்டு வாரம் திணற வைத்தது இதுதான்.

முதலில் கருவிகளைப் பார்ப்போம். ரூட்டர் என்பது ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலை அனுப்பும் கருவி. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற பட்டியல் அதனிடம் இருக்கும். அதை வழிப்பட்டியல் என்போம். ரூட்டர்கள் தங்கள் பட்டியலை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் விதிமுறைகளில் பழையது, எளியது, ரிப். இதன்படி ஒரு ரூட்டர் 30 விநாடிக்கு ஒருமுறை தன் பட்டியலைப் பக்கத்து ரூட்டருக்குச் சொல்லும். 180 விநாடி வரை ஒரு வழியைப் பற்றிய செய்தி வராவிட்டால், அந்த வழி செத்துவிட்டது என்று முடிவு செய்யும்.

நாங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பழைய ரூட்டரையும் நூலகத்தில் இன்னொன்றையும் வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மோடம். பள்ளியின் உள் தொலைபேசி எண்கள் இரண்டின் வழியே அவை ஒன்றையொன்று அழைக்கும். அனுப்பத் தகவல் இருந்தால் அழைக்க வேண்டும். 120 விநாடி வேலை இல்லாவிட்டால் அழைப்பைத் துண்டிக்க வேண்டும். இதுவே நாங்கள் கொடுத்த கட்டளை.

முதல் சிக்கல்

அழைப்பு துண்டிக்கப்படவே இல்லை. கணினிகளை எல்லாம் அணைத்துப் பார்த்தோம். அப்போதும் மோடத்தின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. யார் பேசுகிறார்கள்?

ரூட்டர்கள்தாம்! ரிப் செய்தி 30 விநாடிக்கு ஒருமுறை போகிறது. ஒவ்வொரு செய்தியும் 120 விநாடிக் கடிகாரத்தை மீண்டும் சுழியத்துக்குக் கொண்டுவருகிறது. அப்படியானால் கடிகாரம் 120-ஐ எப்படித் தொடும்? உள் எண்கள் என்பதால் எங்களுக்குச் செலவில்லை. நிமிடத்துக்குக் கட்டணம் வாங்கும் இணைப்பாக இருந்தால், ஒரு நாளைக்கு 1,440 நிமிடத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அதுவும் யாரும் எதையும் அனுப்பாமலே!

இரண்டாம் சிக்கல்

“ரிப் செய்தியை வேலையாகக் கணக்கிடாதே” என்று ரூட்டர்களுக்குக் கட்டளையிட்டோம். சரியாக 120 விநாடியில் அழைப்பு துண்டிக்கப்பட்டது. மாணவர்கள் கைதட்டினார்கள். ஆனால் சற்று நேரம் கழித்து நூலகக் கணினியைத் தொடர்புகொள்ள முயன்றால், மோடம் எண்ணைச் சுழற்றக்கூட இல்லை.

இங்கேதான் நான் தவறு செய்தேன். மோடத்தையும் கம்பியையும் ரூட்டரின் அமைப்பையும் ஒரே நாளில் மாற்றினேன். பலன் இல்லை. எதை மாற்றியதால் என்ன ஆனது என்பதும் தெரியவில்லை. ஒரு வாரம் வீணானது.

வழி காட்டியவர் படிவம் நான்கு மாணவி ஒருவர். எதையும் மாற்றாமல், நேரத்தை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். அழைப்பு துண்டிக்கப்பட்டு 2 நிமிடத்தில் முயன்றால் மோடம் அழைக்கிறது. 4 நிமிடத்தில் முயன்றால் அழைப்பதில்லை. இடையில் இருப்பது 3 நிமிடம். அதாவது 180 விநாடி!

பிறகு இன்னொரு சோதனையும் செய்தோம். நூலக ரூட்டரின் முகவரிக்கே நேராகப் ‘பிங்’ அனுப்பினால் மோடம் அழைத்தது. அந்த ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்கு அனுப்பினால் அழைக்கவில்லை. ஆகவே மோடமும் கம்பியும் கடவுச்சொல்லும் நலமே. பட்டியலிலிருந்து வழிதான் காணாமல் போயிருந்தது. வழி தெரியாத ரூட்டர் யாரை அழைக்கும்?

காரணம் என்ன?

ஒரே அமைதிக்கு இரண்டு பொருள். அழைப்பைக் கவனிக்கும் பகுதிக்கு அமைதி என்றால் “வேலை முடிந்தது”. ரிப்புக்கு அமைதி என்றால் “வழி செத்துவிட்டது”. இரண்டும் தத்தம் விதிப்படி சரியாகவே நடந்தன. தனித்தனியாகச் சரியான இரண்டு விதிகள் சேரும்போது பழுது பிறந்தது.

தீர்வு என்ன?

தொலைபேசி இணைப்பில் ரிப்பை நிறுத்திவிட்டு, “நூலகத்துக்குப் போக இந்தப் பக்கம்” என்று வழியை நாமே பட்டியலில் எழுதினோம். இதை நிலையான வழி என்பார்கள். செய்தி வராவிட்டாலும் அது அழியாது. ஆனால் ஒரு குறை உண்டு. புதிய வலையமைப்பு சேர்ந்தால் அதையும் நாமே எழுத வேண்டும்.

வலையமைப்புப் பொறியாளர்கள் வேறு வழியும் கண்டார்கள். ஓஎஸ்பிஎஃப் என்னும் நெறிமுறைக்கு 1995-இலும், ரிப்புக்கு 1997-இலும் புதிய விதிகள் வெளியாயின. ஒருமுறை பட்டியலைப் பரிமாறிக்கொண்டபின் அமைதி காக்க வேண்டும். மாற்றம் வந்தால் மட்டும் பேச வேண்டும். அமைதிக்கு ஒரே பொருள் என்று இரு பக்கமும் ஒப்புக்கொண்டதே இதன் சாரம்.

பழுது பார்க்கும் வரிசை

1. டயல் ஒலி வருகிறதா? மோடம் எண்ணைச் சுழற்றுகிறதா?
2. மறுமுனை எடுக்கிறதா? இரு பக்கமும் கடவுச்சொல் ஒன்றா?
3. பக்கத்து ரூட்டர் பிங்குக்குப் பதில் தருகிறதா?
4. வழிப்பட்டியலில் வழி இருக்கிறதா? ஐந்து நிமிடம் கழித்தும் இருக்கிறதா?
5. எந்தச் செய்தி கடிகாரத்தைச் சுழியமாக்குகிறது?

கீழிருந்து மேலே செல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தொடக்கப்பள்ளி அறிவியலில் படித்த கட்டுப்படுத்தப்பட்ட மாறி நினைவிருக்கிறதா? அதே பாடம்தான் இது.

தொலைபேசி மோடம் பழைய பொருள்தானே என்று எண்ண வேண்டாம். உங்கள் கைப்பேசிச் செயலி ஒன்று “நான் இருக்கிறேன்” என்று அடிக்கடி சொல்லிக்கொண்டே இருந்தால், மின்கலம் விரைவில் தீர்கிறது. அங்கேயும் இதே கேள்விதான்.

சிந்தித்துப் பாருங்கள்

ரிப்பை விலக்காமல், துண்டிக்கும் நேரத்தை 120 விநாடியிலிருந்து 20 விநாடியாகக் குறைத்தால் என்ன நடக்கும்? ரிப் செய்தியும் ஓர் அழைப்பைத் தொடங்க வைக்கும் என்பதை மறக்காமல், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை அழைப்பு என்று கணக்கிடுங்கள். உங்கள் கருதுகோளை முதலில் எழுதுங்கள். விடையைப் பிறகு தேடுங்கள்.