கணக்குக் காட்டுதல்

நுழையும்முன்

பொதுப்பணத்தைக் கையாள்பவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதுமா? அவர் நல்லவர்தாம் என்பதை ஊரார் எவ்வாறு அறிவது? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் தொண்டைநாட்டு ஊரவை ஒன்று இதற்குக் கண்ட விடை கல்லில் நிற்கிறது. அதே விடையைக் கேட்டு, முப்பது ஆண்டுகளுக்கு முன் இராஜஸ்தான் உழைப்பாளர்கள் தெருவில் அமர்ந்தனர்.

கல்லில் நின்ற விதி

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள வைகுந்தப்பெருமாள் கோவில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. (பொ.ஆ.) 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாக அவற்றை நாம் முன்னரே அறிவோம். முப்பது குடும்புகள், தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகள், அவற்றை இட்டுக் குலுக்கும் குடம் ஆகியவை நமக்குப் பழகியவை. உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துத் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் அதனை ஏற்பான். விரல் மடங்கினால் ஓலை மாறலாம் என்னும் ஐயத்திற்கும் அங்கு இடமில்லை.

தேர்தலைப் போற்றும் நாம், அதன் பின் நிகழ வேண்டியதைப் பற்றி அக்கல்வெட்டு கூறுவதை விரைந்து கடந்துவிடுகிறோம். ஏதேனும் ஒரு வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாமல் இருந்தவர் பெயரை மீண்டும் குடத்தில் இடக்கூடாது என்கிறது அது. தடை அவரோடு நிற்பதில்லை. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், தாய்மாமன், மாமனார், மருமகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், மனைவியின் உடன்பிறந்தான் என உறவுப்பட்டியல் நீள்கிறது. ஒருவர் செய்த பிழைக்கு மைத்துனரைத் தடுப்பது முறையா என்று இன்று நாம் கேட்போம். இன்றைய நீதிமன்றமும் அதனை ஏற்காது. ஆயினும், தாம் இழந்த இடத்தில் தம் உறவினரை அமர்த்திப் பழைய கணக்கை மூடிவிடும் வழக்கத்தை அவ்வூரார் அறிந்திருந்தனர் போலும்.

இங்கு நுணுகி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. பிறர் பொருளைக் கவர்ந்தவரை விலக்கும் விதி அக்கல்வெட்டில் தனியே இடம்பெற்றுள்ளது. கணக்குக் காட்டாதவரை விலக்கும் விதி வேறு. அவர் திருடினார் என்று எவரும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. காட்ட வேண்டியதைக் காட்டவில்லை என்பதே போதும். குற்றத்தைத் தேடி ஊரார் அலைய வேண்டாம். தம் நேர்மையைக் காட்டும் சுமை பதவியில் இருந்தவருடையது.

கணக்கு எழுதுபவர்க்கும் இதே கண்டிப்பு உண்டு. தாம் எழுதிய கணக்கைப் பெரியோரிடம் ஒப்படைத்துத் தூயவர் என அறியப்பட்ட பின்னரே அவர் மீண்டும் அப்பணிக்கு வர இயலும். எழுதியவரே அதனைக் காட்ட வேண்டும். வேறொரு கணக்கர் உட்புகுந்து முடித்து வைக்கக்கூடாது. வாரியத்தில் இருக்கும்போதே குற்றம் கண்டறியப்பட்டால் உடனே விலக்கப்படுவார்.

இதனை முழுமையான மக்களாட்சி என்று கொண்டாடுவது மிகை. இது ஒரு பிரமதேய ஊர். சொந்த மனையில் வீடும், வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், வேதக்கல்வியும் உடையோர்க்கே குடத்தில் இடம். நிலமற்றோர் பெயரும் பெண்கள் பெயரும் அதனுள் செல்லவில்லை. ஏரியில் மண் சுமந்தவர் ஏரி வாரியத்தாரைக் கணக்குக் கேட்டிருக்க முடியுமா?

மண் சுமந்தவர் கேட்ட கணக்கு

அந்தக் கேள்வியை வேறொரு நிலத்தில், வேறொரு காலத்தில், மண் சுமந்தவர்களே எழுப்பினர். இராஜஸ்தான் வறண்ட பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் அரசு நடத்தும் வறட்சி நிவாரணப் பணிகளே அங்குப் பல குடும்பங்களுக்கு அடுப்பெரியும் வழி. குளம் வெட்டியும் சாலை போட்டும் உழைத்தவர்க்குச் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டபோது, ‘நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், பதிவேட்டில் அப்படித்தான் உள்ளது’ என்பதே மறுமொழி. பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசின் மறைபொருள்.

1990இல் தேவ்துங்ரி என்னும் சிற்றூரை நிலைக்களமாகக் கொண்டு, மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் உழைப்பாளர், உழவர் அமைப்பு தோன்றியது. சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப்பணியைத் துறந்து சென்ற அருணா ராய் அதனைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 1994 டிசம்பரில், பாலி மாவட்டத்துக் கோட்கிரானா என்னும் ஊரில் முதல் மக்கள் விசாரணை நடைபெற்றது. அரிதின் முயன்று பெற்ற பதிவேட்டுச் செய்திகள் ஊரார்முன் உரக்கப் படிக்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் அவ்வேடு அன்று விளங்கிற்று. தொடர்ந்து பல ஊர்களில் நிகழ்ந்த விசாரணைகளில், வேலைக்கே வராதவர் பெயர்களும் இறந்தோர் பெயர்களும் கூலிப் பட்டியலில் இருந்தமை வெளிப்பட்டது. முடியாத கட்டடங்கள் தாளில் முடிந்திருந்தன.

1996 ஏப்ரலில் பியாவர் நகரத் தெருவில் அவர்கள் அமர்ந்தனர். நாற்பது நாள்கள் நீண்டது அவ்வறப்போர். பணமும் நிலமும் கேட்டு அமர்ந்தவர்களை அந்நகரம் முன்பும் கண்டிருக்கலாம். தாளின் படி ஒன்றைக் கேட்டு அமர்ந்தவர்கள் புதியவர்கள். 1997இல் தமிழ்நாடும், 2000இல் இராஜஸ்தானும் தகவல் உரிமைக்குச் சட்டம் கண்டன. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. கேட்ட தகவலை முப்பது நாள்களுக்குள் தருதல் வேண்டும். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதாயின் நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குள். தக்க காரணமின்றிக் காலந்தாழ்த்தும் அலுவலர்க்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். அலுவலகத்தின் மீதன்று, அலுவலர் மீதே அத்தண்டம் விழுகிறது. எழுதியவரே காட்ட வேண்டும் என்ற பழைய ஊரவையின் கண்டிப்பை இது நினைவூட்டுகிறது.

நிறுவனமும் நீதிமன்றமும்

கணக்கைக் காட்டுவது போலக் காட்டி ஏமாற்றவும் இயலும். ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கணினி நிறுவனத்தின் தலைவர், 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று தாமே எழுதி ஒப்புக்கொண்டார். அக்கணக்குகள் தணிக்கையாளரின் ஒப்பம் பெற்றவை. ஒப்பத்தை நம்பிப் பங்கு வாங்கியவர் எத்தனையோ பேர். பின்னர் வந்த 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம் ஒன்றை ஒரே தணிக்கை நிறுவனம் தொடர்ந்து பத்தாண்டுகளுக்கு மேல் தணிக்கை செய்யத் தடை விதித்தது. வாரியத்தில் இருந்தவர் மூன்றாண்டுகள் விலகி நிற்க வேண்டும் என்ற உத்திரமேரூர் விதியும் நெடுநாள் பழக்கத்தை ஐயுற்றதே.

பிறரிடம் கணக்குக் கேட்கும் நீதிமன்றம் தன்னளவில் என்ன செய்தது? இந்தியத் தலைமை நீதிபதியின் அலுவலகமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு உட்பட்டதே என உச்சநீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதற்குத் தடையாக எழுந்த மேல்முறையீடு, உச்சநீதிமன்றத்தின் பெயரிலேயே தொடுக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

இராஜஸ்தானத்தில் இன்று பல ஊராட்சி அலுவலகங்களின் சுவர்களில், வேலையுறுதித் திட்டத்தில் உழைத்தவர் பெயர், வேலை நாள்கள், கூலி ஆகியன வண்ணத்தில் எழுதப்பட்டுள்ளன. வண்ணம் கல்வெட்டுப் போல் நில்லாது. மழையும் வெயிலும் பட்டு மங்கும். மீண்டும் எழுத வேண்டும். அவ்வழியே செல்லும் பெண் ஒருத்தி தன் பெயருக்கு நேரே உள்ள எண்ணைத் தன் மகளைப் படிக்கச் சொல்லி, கைக்கு வந்த கூலியோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.