கடைசிப் பொம்மை ஏன் கைக்கு வருவதில்லை?

தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் என்று ஏதாவது ஒன்றை நீங்களும் சேர்த்திருப்பீர்கள். தொடக்கத்தில் மளமளவென்று சேரும். முக்கால் பங்கு சேர்ந்த பிறகு, இருப்பதே திரும்பத் திரும்ப வரும். கடைசி ஒன்று மட்டும் வரவே வராது. இது உங்கள் துரதிர்ஷ்டமா? இல்லை. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதை ஒரு பொம்மைத் தொடரைக் கொண்டு பார்ப்போம்.

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்னும் ஊரில், ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் 1932-இல் பொம்மை செய்யத் தொடங்கினார். அதுவே பின்னர் லெகோ நிறுவனமாக வளர்ந்தது. இந்நிறுவனம் 2010-இல் 16 வகைச் சிறு மனிதப் பொம்மைகளை ஒரு தொடராக வெளியிட்டது. ஒரு பாக்கெட்டில் ஒரு பொம்மை. உள்ளே எது இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஒரு தொடர் சில காலமே விற்பனையில் இருக்கும்; பிறகு அது நின்று அடுத்த தொடர் வரும். 2011-ஆம் ஆண்டில் மட்டும் 3 புதிய தொடர்கள் வந்தன. ஆகவே, சேர்ப்பவர் பணத்தையும் பார்க்க வேண்டும், காலத்தையும் பார்க்க வேண்டும்.

எத்தனை பாக்கெட் வேண்டும்?

16 வகைகளும் சம அளவில், நன்றாகக் கலந்து கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பாக்கெட்டில் வருவது நிச்சயம் புதியது. இரண்டாவது பாக்கெட்டில் புதியது வருவதற்கான நிகழ்தகவு 15/16. எனவே அடுத்த புதிய பொம்மைக்குச் சராசரியாக 16/15 பாக்கெட் தேவை. உங்களிடம் 8 வகைகள் சேர்ந்துவிட்டால் நிகழ்தகவு 8/16. அப்போது ஒரு புதிய பொம்மைக்கு 2 பாக்கெட் தேவை. ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்றால் நிகழ்தகவு 1/16. அந்த ஒன்றுக்காகச் சராசரியாக 16 பாக்கெட் வாங்க வேண்டும்!

இவற்றையெல்லாம் கூட்டுவோம்:

16 × (1 + 1/2 + 1/3 + ... + 1/16) = சுமார் 54

அதாவது 16 பொம்மைகளுக்கு 54 பாக்கெட். இதைப் பிரித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். முதல் 12 வகைகளுக்குச் சுமார் 21 பாக்கெட் போதும். மீதி 4 வகைகளுக்கு மட்டும் சுமார் 33 பாக்கெட்! வாரம் ஒன்று வாங்கினால் 54 வாரம் ஆகும். ஓர் ஆண்டுக்கும் மேல். அதற்குள் தொடரே நின்றுபோகலாம்.

"15 பாக்கெட்டில் வரவில்லை, 16-ஆவதில் வந்தே தீரும்" என்று நினைக்காதீர்கள். பாக்கெட்டுக்கு நினைவாற்றல் கிடையாது. 16 பாக்கெட் வாங்கிய பிறகும் அந்தக் கடைசிப் பொம்மை வராமலிருக்க 100-க்கு 36 வாய்ப்பு உண்டு.

குறிப்பேடு வையுங்கள்

சேர்ப்பவருக்கு நல்ல துணை ஒரு நோட்டுப் புத்தகம். அதில் தொடரின் எல்லா வகைகளையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரே முதலில் கிடைத்த தேதி, கையில் உள்ள எண்ணிக்கை இரண்டையும் குறியுங்கள். மேலே தொடர் வெளிவந்த தேதியையும், கடைகளில் வரத்து குறையத் தொடங்கிய தேதியையும் எழுதுங்கள். இனி, வாங்கிய பாக்கெட் எண்ணிக்கையைக் கிடை அச்சிலும், சேர்ந்த வகைகளைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைபடம் வரையுங்கள். கோடு முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு படுக்கத் தொடங்கும்.

கோடு படுக்கத் தொடங்கும்போது வாங்குவதை நிறுத்துங்கள். 21 பாக்கெட்டில் 12 வகைகள் சேர்ந்தால், கையில் 9 பொம்மைகள் உபரியாக இருக்கும். நண்பனுக்கு இல்லாதது உங்கள் உபரியில் இருக்கலாம். உங்களுக்கு இல்லாதது அவனுடைய உபரியில் இருக்கலாம். மாற்றிக்கொண்டால் இருவருக்கும் செலவில்லை. கடைசி ஒன்றை வேறொருவர் 3 பாக்கெட் விலைக்குக் கொடுத்தாலும் வாங்கலாம். சராசரியாக 16 பாக்கெட் வாங்குவதைவிட அது மலிவல்லவா? ஆனால் தொடர் நின்றபின் விலை ஏறக்கூடும். ஆகவே மாற்றும் வேலையை விற்பனை நடக்கும்போதே முடித்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்

பொம்மை வாங்காமலே இதைச் சோதிக்கலாம். 1 முதல் 6 வரை எண்ணிட்ட ஒரு பகடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு எண்களும் ஒரு முறையாவது விழும்வரை உருட்டி, எத்தனை முறை உருட்டினீர்கள் என்று எழுதுங்கள். இப்படி 20 தடவை செய்து சராசரி காணுங்கள். கணக்குப்படி வர வேண்டியது 14.7. உங்கள் விடை சற்றுக் கூடலாம், குறையலாம். வகுப்பில் எல்லோருடைய விடைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், பெரும்பாலும் அந்த எண்ணை இன்னும் நெருங்கிவிடும்.

இப்போது ஒரு கேள்வி. 2021-இல் வந்த தொடரில் பொம்மைகள் 16-இலிருந்து 12 ஆகக் குறைந்தன. அதை முழுதும் சேர்க்கச் சராசரியாக எத்தனை பாக்கெட் வேண்டும்? நீங்களே கணக்கிட்டுவிட்டு விடையைப் பாருங்கள்.

(விடை: சுமார் 37)