வேருக்குள் ஓர் எல்லைக்கோடு

அன்புள்ள கயல்,

வேருக்குள் பூஞ்சை புகுந்துவிட்டால் மரத்துக்கு நோய் வந்துவிட்டது என்றுதானே பொருள் என்று கேட்டிருந்தாய். அப்படி இல்லையம்மா. காட்டில் செழித்து நிற்கும் மரத்தின் நுனிவேரை வெட்டிப் பார்த்தாலும் அநேகமாக உள்ளே பூஞ்சை இழை இருக்கும். நோய்க்குறி எதுவும் காட்டாமல் இப்படிக் குடியிருப்பவற்றை எண்டோஃபைட் என்கிறோம். மரம் அவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதே. வேர்ச்செல்கள் ஓயாமல் எதிர்ப்பதால்தான் அவை அடங்கிக் கிடக்கின்றன.

வேரின் புறணியில் உள்ள ஒரு செல்லை எடுத்துக்கொள். சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள இழையின் நுனி அதன் சுவரில் வந்து முட்டுகிறது. நொதிகளைச் சுரந்து சுவரை அரிக்கத் தொடங்குகிறது. பூஞ்சையின் சுவரில் கைட்டின் உண்டு. வேர் சுரக்கும் கைட்டினேஸ் என்ற நொதி அதைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. அந்தத் துண்டுகள் செல்சவ்வின் ஏற்பிகளில் ஒட்டியதுமே செல்லுக்குச் சேதி எட்டிவிடுகிறது. சில நிமிடங்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிப்படுகிறது. சைட்டோபிளாசம் அந்த இடத்துக்குத் திரள்கிறது. பல தாவரங்களில் உட்கருவே அந்தப் பக்கம் நகர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறார்கள். பிறகு, இழை துளைக்கும் இடத்துக்கு நேர் பின்னே, சுவரின் உட்புறத்தில் காரை அப்பியதுபோல் கேலோஸ் என்ற பொருள் குவிகிறது. பீனால் சேர்மங்களும் லிக்னினும் அதில் கலந்து இறுகுகின்றன. இந்தக் குமிழின் பெயர் பாப்பிலா. இழை விடாமல் முன்னேறினால், சில வேர்களில் குமிழும் அதை உறைபோலச் சுற்றி நீண்டுகொண்டே போகும்.

எல்லா இழைகளும் இதோடு நின்றுவிடுவதில்லை. புறணிச் செல்கள் சிலவற்றுக்குள் பூஞ்சை நுழைந்து தங்கவும் செய்கிறது. ஆனால் நீரும் உணவும் ஓடும் குழாய்கள் இன்னும் உள்ளே இருக்கின்றன. அவற்றைச் சுற்றி அகத்தோல் என்ற ஒற்றை அடுக்கு. அதன் சுவர்களில் காஸ்பாரிப் பட்டையும், முதிர்ந்த வேரில் சூபெரினும் படிந்திருக்கும். எண்டோஃபைட்டுகள் பெரும்பாலும் இந்த எல்லையைத் தாண்டுவதில்லை.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது லார்ச் மரத்தின் வேர். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர் காலத்தில் பொன்னிறமாகி இலை முழுவதையும் கொட்டிவிடும் மரம் அது. ஆல்ப்ஸ் மலைகளில் நிறைய உண்டு. ஜெர்மனியில் பார்பரா ஷுல்ஸும் உடன் உழைத்தவர்களும் லார்ச், பார்லி வேர்களை ஆராய்ந்து 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோய்க்கிருமி புகுந்த வேரைவிட எண்டோஃபைட் புகுந்த வேரில்தான் சில பீனால் தற்காப்புப் பொருள்கள் கூடுதலாக இருந்தன! வெளியே அமைதியாகத் தெரிந்த வேரில்தான் காவல் பலமாக இருந்திருக்கிறது. பூஞ்சையின் வீரியமும் வேரின் எதிர்ப்பும் ஈடுகொடுத்து நிற்கும்வரை நோய் தெரியாது என்பது அவர்கள் கருத்து. இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். வறட்சியிலோ முதுமையிலோ மரம் தளர்ந்தால் அதே பூஞ்சை நோய்க்கிருமியாக மாறக்கூடும் என்பதற்கும் இதில் விளக்கம் இருக்கிறது.

பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. வேரோடு கூட்டுறவாக வாழும் லக்காரியா பைகலர் என்ற காளான், பாப்லர் மரத்தின் வேர்ச்செல்லுக்குள் ஒரு சிறு புரதத்தை அனுப்புகிறது. அது உட்கருவரை சென்று, ஜாஸ்மோனிக் அமிலம் தூண்டும் தற்காப்பை அடக்கிவைக்கிறது. 2011இல் இந்தப் புரதத்தைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. எண்டோஃபைட்டுகளின் தந்திரங்கள் இந்த அளவுக்கு இன்னும் துலங்கவில்லை. உன் வயதுக்காரர்களுக்கு அங்கே நிறைய வேலை காத்திருக்கிறது.

உன் கல்லூரி ஆய்வகத்திலேயே தொடங்கலாம். ஏதாவது ஒரு மரத்தின் மெல்லிய நுனிவேரைக் கழுவி, ஆசிரியர் உடனிருக்க, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நிறம் வெளுக்கும்வரை சூடாக்கு. நன்றாக அலசியபின் வினிகரில் 5% நீலப் பேனா மை கலந்து அதில் சில நிமிடம் கொதிக்கவிடு. நுண்ணோக்கியில் இழைகள் நீலமாகத் தெரியும். சாயம் ஏறாமலே பழுப்பாகக் குறுக்குச்சுவர்களோடு ஓடும் இழை கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் மெலனின் கொண்ட எண்டோஃபைட்டாக இருக்கும். பாப்பிலாவைப் பார்க்க வேறு வழி வேண்டும்: புதிய வேரை மெல்லிசாகச் சீவி, அனிலின் நீலம் ஏற்றி, புற ஊதா ஒளி உள்ள நுண்ணோக்கியில் வைத்தால் கேலோஸ் ஒளிரும். அந்தக் கருவி அங்கே இருக்கிறதா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
சித்தப்பா