மவுஸ் வேகம்: இளம் ஆட்டக்காரருக்கு ஒரு கடிதம்



கவுண்டர்-ஸ்டிரைக் ஆடத் தொடங்கும் பிள்ளைகள் முதலில் தேடுவது ஓர் எண்ணைத்தான்: பெரிய வீரர் சென்சிட்டிவிட்டியை எவ்வளவில் வைத்திருக்கிறார்? உக்ரைன்காரரான சிம்பிள் நெடுங்காலம் 400 டிபிஐயில் 3.09 வைத்து ஆடினார். பிரான்ஸின் ஸைவூ அதே 400 டிபிஐயில் 2 வைத்து ஆடினார். முன்னவர் 2021இல் நாவி அணியோடு ஸ்டாக்ஹோம் மேஜர் போட்டியை வென்றார். பின்னவர் 2023இல் வைட்டாலிட்டி அணியோடு பாரிஸ் மேஜர் போட்டியை வென்றார். உலகின் முதல் வீரர் என்று இருவருமே ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் பெயர் எடுத்தவர்கள். இதில் எந்த எண்ணை நீ எடுத்துக்கொள்வாய்?

இந்த எண்கள் கையளவில் என்ன ஆகின்றன என்று பார்த்தால் குழப்பம் தீரும். மவுஸ் ஓர் அங்குலம் நகரும்போது கணினிக்கு எத்தனை சிக்னல் போகிறது என்பதுதான் டிபிஐ. கவுண்டர்-ஸ்டிரைக்கில் சென்சிட்டிவிட்டி 1 என்றால் ஒரு சிக்னலுக்குப் பார்வை 0.022 டிகிரி திரும்பும். முழுச் சுற்றான 360 டிகிரிக்கு ஏறத்தாழ 16,364 சிக்னல் வேண்டும். 800 டிபிஐ மவுஸில் அது இருபதரை அங்குலம், அதாவது 52 சென்டிமீட்டர். ஸைவூவின் 400, 2 என்ற கணக்கும் இதே 52தான், ஏனென்றால் இரண்டையும் பெருக்கினால் அதே 800 வருகிறது. சிம்பிளுக்கு முழுச் சுற்று 34 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும்.

ஆக, ஒப்பிட வேண்டியது சென்டிமீட்டரை. வாலரண்ட் என்ற ஆட்டத்துக்குப் போனால் அங்கே ஒரு சிக்னலுக்கு 0.07 டிகிரி, பழைய எண்ணை 3.18ஆல் வகுத்தால் கை பழகிய தூரம் மாறாது. எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறவருக்குப் பார்வை மும்மடங்கு வேகத்தில் சுழலும்.

400 டிபிஐயில் ஏதோ மந்திரம் இருப்பதாக ஒரு நம்பிக்கை உண்டு. அந்தக் காலத்து வீரர்கள் விரும்பி வைத்திருந்த மைக்ரோசாஃப்ட் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் 3.0 மவுஸுக்கு இருந்ததே 400 டிபிஐதான். அந்தப் பழக்கம் தங்கிவிட்டது. இன்றைய மவுஸில் 800, 1600 எதையும் தாராளமாக வைக்கலாம். ஆட்டத்துக்குள் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டால் போதும்.

அப்படியானால் தூரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் மேசையைப் பார். கீபோர்டு போக மவுஸுக்கு 25 சென்டிமீட்டர் இடமே மிஞ்சுகிறவர் ஸைவூவின் வேகத்தில் ஆடினால், முதுகுக்குப் பின்னால் வரும் எதிரியைப் பார்க்கத் திரும்பும்போதே மவுஸ் மேட்டின் விளிம்புக்கு வந்துவிடும். மேட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குள் குறைந்தது 180 டிகிரி திரும்ப முடிய வேண்டும். அந்த வரம்புக்குள் மெதுவான பக்கம் நிற்பதே கவுண்டர்-ஸ்டிரைக்குக்கு நல்லது. காரணம், இந்த ஆட்டத்தில் நல்ல வீரர் கையை அதிகம் அசைப்பதில்லை. எதிரி எட்டிப் பார்க்கப் போகும் மூலையில், தலை உயரத்தில், குறியை முன்கூட்டியே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். மிச்சமிருப்பது சில டிகிரி திருத்தம் மட்டுமே. அந்தச் சிறு திருத்தத்தைப் பெரிய அசைவாகச் செய்ய முடிந்தால் கை நடுக்கம் குறியைக் கெடுக்காது. குவேக் போலப் பறந்து பறந்து ஆடும் ஆட்டங்களின் கணக்கு வேறு; அங்கே சட்டென்று திரும்புவதே உயிர்.

குறி இலக்கைத் தாண்டித் தாண்டிப் போய் நின்றால் வேகத்தைக் கொஞ்சம் குறை. எட்டாமல் முன்னாலேயே நின்றால் கொஞ்சம் கூட்டு. கொஞ்சம் என்றால் பத்தில் ஒரு பங்கு. தோற்ற கோபத்தில் பாதியாகக் குறைப்பதும், மறுநாள் இரட்டிப்பாக்குவதும்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது. ஒரே தூரத்தைத் திரும்பத் திரும்பச் செய்துதான் கை கற்கிறது. தூரம் தினம் மாறினால் கற்றது எதுவும் தங்காது. குறி தவறுவதற்கு முக்கால்வாசி காரணம் அதை இலக்கில்லாத இடத்தில் வைத்திருந்ததுதான். அதை எந்த செட்டிங்கும் திருத்தாது.

விண்டோஸில் ‘என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்’ என்று ஒன்று இருக்கும். அது ஆன் ஆகியிருந்தால் கை வேகத்தைப் பொறுத்துத் தூரம் மாறும். கவுண்டர்-ஸ்டிரைக் 2 மவுஸை நேரடியாகப் படிப்பதால் அங்கே அது பாதிக்காது. வேறு சில ஆட்டங்களில் பாதிக்கும். அணைத்துவிடு.

மணிக்கட்டை மட்டும் நம்பி ஆடாதே. பெரிய திருப்பத்துக்கு முழங்கையும் தோளும், நுண்ணிய திருத்தத்துக்கு மணிக்கட்டும் விரலும். 2016இல் ஃபனாட்டிக் அணியின் ஒலோஃப்மைஸ்டர், உச்சத்தில் இருந்தபோதே, கைக்காயத்தால் சில வாரம் ஆட்டத்தை விட்டு ஒதுங்க வேண்டிவந்தது. வலி வந்தால் ஆட்டத்தை நிறுத்து, மருத்துவரைப் பார்.

இன்றே ஒரு ஸ்கேலை எடுத்து, உன் முழுச் சுற்று எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதி வை. தேவையானால் ஒரு முறை திருத்திக்கொள். பிறகு ஒரு மாதம் அந்த செட்டிங்கைத் தொடாமல் ஆடு, தம்பி.