பதநீர் மண்ணிலிருந்து வருவதில்லை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கேள்வி மூன்று நாளாக மனத்தை விட்டுப் போகவில்லை. "இவ்வளவு வறண்ட தேரி மணலில் பனை எப்படி ஐயா பதநீரை உறிஞ்சி எடுக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய். 'உறிஞ்சி' என்ற சொல்லில்தான் பிழை. மண்ணில் ஏது சர்க்கரை? வேர் தருவது தண்ணீரும் கொஞ்சம் உப்புகளும்தான். அவற்றை மேலே ஏற்றுவது சைலம் என்ற குழாய்த்தொகுதியின் வேலை. பதநீரில் 100-க்கு 10 பங்கை ஒட்டிச் சர்க்கரை இருக்கிறது. அது ஓலை சமைத்த சாப்பாடு, ஃபுளோயம் என்ற இன்னொரு குழாய்த்தொகுதியில் வருவது. படித்தவர்களே இதை மாற்றிச் சொல்லும்போது எனக்குப் பொறுப்பதில்லை.

பனையேறி பாளையைக் கடிப்பால் இடுக்கிப் பதப்படுத்துவார். பிறகு நாள்தோறும் ஏறி நுனியை மெல்லிசாகச் சீவுவார். ஒரு தடவை வெட்டியது போதாதா? போதாது. ஃபுளோயக் குழாயில் காயம் பட்டால் மரம் அதன் சல்லடைத் துளைகளைப் புரதத்தாலும் காலோஸ் என்ற பொருளாலும் அடைத்துக்கொள்ளும். புதிதாகச் சீவினால்தான் மறுபடி சொட்டும். சொட்டுவதற்குக் காரணம், உள்ளே அழுத்தம் இருப்பது. நண்பகலில் சைலத்தை வெட்டிப் பார், காற்றுதான் உள்ளே போகும். அங்கே இலைகள் நீரை மேலே இழுத்துக்கொண்டிருக்கின்றன.

அந்த அழுத்தம் எப்படி வருகிறது என்பதை ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் முன்ஷ் 1930-இல் விளக்கினார். இலை ஃபுளோயத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. பக்கத்துச் சைலத்திலிருந்து நீர் அதற்குள் புகுகிறது. அழுத்தம் கூடி, சாறு தேவை உள்ள இடத்துக்குத் தள்ளப்படுகிறது. 'சைலம் மேலே, ஃபுளோயம் கீழே' என்று மனப்பாடம் செய்திருந்தால் இன்றே மறந்துவிடு! முளைவிடும் உருளைக்கிழங்கில் சர்க்கரை மேலேதான் போகிறது.

சரி, சைலத்தில் நீர் எப்படி ஏறுகிறது? மாணவனாக இருந்தபோது ஜகதீஷ் சந்திர போஸ் 1923-இல் எழுதிய சாறேற்றம் பற்றிய நூலை இரவெல்லாம் படித்தேன். உயிருள்ள செல்கள் இதயம்போல் துடித்து நீரை ஏற்றுகின்றன என்றார். எத்தனை அழகான எண்ணம்! ஆனால் அதற்கு முன்பே, 1891-இல், தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் 20 மீட்டருக்கும் உயரமான ஓக் மரத்தின் அடியை அறுத்துப் பிக்ரிக் அமிலத்தில் நிறுத்தியிருந்தார். தண்டின் செல்கள் செத்தன. நீர் ஏறிக்கொண்டே இருந்தது. போஸ் மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை, ஆனால் ஓக் மரம் சொன்னதைத்தான் நான் நம்ப வேண்டும்.

அடிமரம் தீயில் கருகியும் பனை எப்படிப் பிழைக்கிறது என்றும் கேட்டிருந்தாய். மாமரத்தில் ஃபுளோயம் பட்டையை ஒட்டி இருக்கிறது; சுற்றிலும் உரித்தால் வேர் பட்டினியில் சாகும். பனையில் அப்படி ஒரு வளையம் கிடையாது; குழாய்கள் தண்டெங்கும் சிதறியிருப்பதால் வெளிப்புறம் கருகினாலும் உள்ளே ஓட்டம் தொடரும். உங்கள் வீட்டு ஓட்டுக்கூரையில் பனஞ்சட்டம் இருந்தால் அறுத்த முனையைப் பார். நெருக்கமாகக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு நார்க்கற்றை. உயிரோடு இருந்தபோது ஒவ்வொன்றை ஒட்டியும் சைலமும் ஃபுளோயமும் சேர்ந்தே ஓடின.

அன்புடன்,
உன் ஆசிரியர்