பாதையின் ஹக்கு: பாரம் ஏற்றிய வண்டியும் நம் பொறுப்பும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



பென்னாகரத்திலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் எவரும் தொப்பூர் கணவாயைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அங்கே மலையிலிருந்து இறங்குகிறது. 2020 டிசம்பர் 12 அன்று சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று, அந்த இறக்கத்தில் நின்றிருந்த வாகனங்கள் மீது வரிசையாக மோதி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று அதே கணவாயில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்தன. ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது. அன்றும் நான்கு உயிர்கள் போயின. அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்க்காதவர் நம்மில் குறைவு.

பார்த்துவிட்டு நாம் என்ன சொன்னோம்? "விதி" என்றோம். அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

விதி என்பது சாக்கு அல்ல

கத்ரை நம்புவது ஈமானின் ஒரு பகுதி. அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படி கற்றுத் தந்த நபியின் உம்மத் நாம். கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் மார்க்கம் அதை விதி என்று சொல்லி விட்டுவிடவில்லை. தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றவர் மீதும் கஃப்பாராவும், இறந்தவரின் குடும்பத்துக்கு திய்யத்தும் கடமை என்று சூரத்துன் நிஸாவில் அல்லாஹுத் தஆலா சட்டம் வகுத்திருக்கிறான். பொதுப்பாதையில் ஒருவர் வைத்த பொருளால் மற்றவருக்குச் சேதம் ஏற்பட்டால், வைத்தவரே ஈடு தர வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. வேண்டுமென்று செய்யவில்லை என்பது பாவத்தைக் குறைக்கலாம். பொறுப்பை நீக்காது.

லாரி நமக்கு எதிரி அல்ல

லாரியைக் கண்டாலே எரிச்சல்படும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கொஞ்சம் யோசியுங்கள். ஃப்ளோரைடு கலந்த தண்ணீரால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட மாவட்டம் இது. 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-ல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரியைக் கொண்டுவந்தது. அதற்கான ராட்சதக் குழாய்கள் லாரியில்தான் வந்து இறங்கின. நம் வீட்டு அரிசியும், பள்ளிவாசல் கட்டிய சிமெண்டும், நோன்புக் கஞ்சிக்கான பருப்பும் யாரோ ஒருவர் இரவெல்லாம் கண் விழித்து ஓட்டி வந்தவைதான். அந்த ஓட்டுநர் நமக்குச் சேவை செய்பவர். அவருக்கு நம் மீதும், நமக்கு அவர் மீதும் ஹக்கு இருக்கிறது.

பாரம் ஏற்றுபவரின் கடமை

லாரி உரிமையாளர்களே, ஓட்டுநர்களே, சரக்கு அனுப்பும் வியாபாரிகளே! முதலில் உங்களிடம் பேசுகிறேன்.

ஒரு அன்சாரித் தோழரின் தோட்டத்துக்குள் நபி (ஸல்) அவர்கள் நுழைந்தபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைப் பார்த்துக் கண்ணீர் விட்டது. அதைத் தடவிக் கொடுத்துவிட்டு அதன் உரிமையாளரை அழைத்துக் கண்டித்தார்கள். இந்த வாயில்லா ஜீவன் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்ச வேண்டாமா, நீர் இதைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக முறையிடுகிறதே என்று கேட்டார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. ஒட்டகத்துக்கே இப்படியென்றால், தூங்க விடாமல் அடுத்த லோடுக்கு விரட்டப்படும் ஓட்டுநரின் முறையீடு எங்கே போய்ச் சேரும்? "ராத்திரிக்குள் சரக்கு வந்தாக வேண்டும்" என்று நெருக்கும் வியாபாரிக்கும் அந்த முறையீட்டில் பங்கு உண்டு.

அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். வண்டியின் உடலுக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய். வழியில் யாரையோ "கவனித்து"த் தப்பிவிடலாம். பின்னால் வந்தவரின் நெஞ்சில் இரும்புக் கம்பி பாய்ந்தால், மறுமையில் யாரைக் கவனிப்பது?

இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடாதீர்கள். கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். சில லிட்டர் டீசலுக்கு மனித உயிர் விலையாகக் கூடாது.

இரவில் தங்குவதானால் பாதையை விட்டு விலகித் தங்கும்படி நபி (ஸல்) அவர்கள் பயணிகளுக்குக் கட்டளையிட்டதை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம். நெடுஞ்சாலை ஓரத்தில் விளக்கில்லாமல் லாரியை நிறுத்திவிட்டு உறங்குபவர் இதை நினைவில் வைக்கட்டும்.

பெரிய சரக்கு வரும்போது

காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லர்களை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். ஓர் இறக்கையே 50 மீட்டருக்கும் மேல் நீளம். நம் பகுதியில் கிரானைட் பாறைகளும், பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பும், சாலையை அடைத்துக்கொண்டு நகரும் வைக்கோல் லாரிகளும் உண்டு. ஒரு சாதாரண வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட அகலம் 2.6 மீட்டர். அதற்கு மேற்பட்ட சரக்கு தனி அனுமதியோடு மெதுவாகத்தான் போகும். முன்னால் பைலட் வண்டி வரும். சிவப்புக் கொடி காட்டுவார்கள். சில நிமிடங்கள் நிற்கச் சொல்வார்கள்.

அந்தச் சில நிமிடங்களில்தான் நம் ஸப்ரு சோதிக்கப்படுகிறது.

அரஃபாவிலிருந்து திரும்பும்போது பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சப்தத்தைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், சாட்டையால் சைகை செய்து, நிதானத்தைக் கடைப்பிடியுங்கள், விரைந்து ஓடுவதில் நன்மை இல்லை என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். அவர்களது அன்றைய பயணத்தை உஸாமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்: நெரிசலில் மிதமாகச் சென்றார்கள், இடைவெளி கிடைத்தபோது வேகத்தைக் கூட்டினார்கள். இரண்டும் புகாரியில் உள்ளவை. வாகனம் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் இதில் முழுப் பாடம் இருக்கிறது.

டூவீலரில் செல்லும் வாலிபர்களே, இதை மனதில் பதியுங்கள். லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. நீண்ட வண்டி இடப்பக்கம் திரும்புவதற்கு முன் வலப்பக்கம் விலகும். அப்போது இடப்பக்கம் திறக்கும் சந்து வழி அல்ல. பின் சக்கரங்கள் அந்தச் சந்தை நோக்கியே வந்து மூடும். ஒகேனக்கல் மலைப்பாதை போன்ற வளைவுகளில் எதிரே வருவது தெரியாமல் முந்தாதீர்கள். பாரம் ஏற்றிய லாரி காரைப் போல நினைத்த இடத்தில் நிற்காது. அதன் முன்னால் திடீரென்று புகுந்து பிரேக் போடாதீர்கள்.

நம் பள்ளிவாசல் வாசலில்

ஒரு போர்ப் பயணத்தில் மக்கள் தங்கும் இடங்களை நெருக்கிப் பாதையை அடைத்துவிட்டார்கள். உடனே நபி (ஸல்) அவர்கள் ஓர் அறிவிப்பாளரை அனுப்பி, இடத்தை நெருக்கடியாக்குபவருக்கும் வழியை அடைப்பவருக்கும் அந்த அறப்போரின் நன்மையே இல்லை என்று அறிவிக்கச் செய்தார்கள். முஆத் இப்னு அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து அபூதாவூதில் பதிவான ஹதீஸ் இது.

உயிரைக் கையில் பிடித்துச் சென்ற அமலுக்கே அந்த நிலை என்றால், ஜுமுஆவுக்கு வந்து கடைவீதியில் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு முதல் ஸஃப்புக்கு ஓடும் நம் நிலை என்ன? பஸ் நிற்கிறது. சரக்கு லாரி திரும்ப முடியவில்லை. அதன் பின்னால் 108 ஆம்புலன்ஸ் சைரன் அலறுகிறது. உள்ளே கிடப்பவர் எந்த மதத்தவரானாலும் அவர் உயிர் அல்லாஹ் கொடுத்தது. கல்யாண ஊர்வலத்துக்கும் இதே சட்டம்தான். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. அந்தத் தொல்லை நம் வண்டியாகவே இருந்துவிடக் கூடாது.

விபத்து நடந்துவிட்டால்

லாரி கவிழ்ந்தால் சிலர் முதலில் சரக்கைப் பார்க்கிறார்கள். சிதறிய பொருளுக்கு உரிமையாளர் இருக்கிறார். அதை அள்ளுவது ஹராம். 2017 ஜூன் 25, பெருநாளுக்கு முந்தைய நாள், பாகிஸ்தானின் பஹாவல்பூர் அருகே கவிழ்ந்த எண்ணெய் டேங்கரைச் சுற்றி மக்கள் பாத்திரங்களோடு கூடினார்கள். தீப்பற்றி 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

டேங்கர் கவிழ்ந்தால் விலகி நில்லுங்கள், மற்றவரையும் விலக்குங்கள். அடிபட்டவருக்காக 108-ஐ அழையுங்கள். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. போலீஸ் கேஸுக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவ 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 முதல் தமிழகத்தில் இருக்கிறது. ஓட்டுநர் மீது கை வைக்காதீர்கள். அவருக்கும் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. யார் குற்றவாளி என்று முடிவு செய்வது கூட்டத்தின் வேலை அல்ல.

சகோதரர்களே! வாகனத்தில் ஏறியதும் நாம் ஓதும் துஆவின் கருத்து என்ன? இதை அடக்கி ஆளும் சக்தி நமக்கு இல்லை, அல்லாஹ்தான் வசப்படுத்தித் தந்தான், நாம் அவனிடமே திரும்புவோம் என்பதுதான். சாவியைத் திருகும் முன் இந்தக் கருத்தை மனதில் கொண்டு ஓதுபவர், அடுத்தவரின் உயிரோடு விளையாட மாட்டார். இன்று தொழுதுவிட்டு வெளியே போகிறீர்கள். முதலில் உங்கள் வண்டி யாருடைய வழியில் நிற்கிறது என்று பாருங்கள்.

யா அல்லாஹ்! சாலையில் பாரம் சுமந்து செல்லும் அனைவரையும் பாதுகாத்து அவர்கள் குடும்பத்தாரிடம் ஸலாமத்தாகச் சேர்ப்பாயாக! எங்கள் கையாலும் வாகனத்தாலும் எந்தப் படைப்புக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக! பாதையின் ஹக்கைப் பேணும் தவ்ஃபீக்கை எங்களுக்குத் தருவாயாக!

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.