சலாம் என்னும் சொல்

திருவண்ணாமலைத் திருக்கோயிலில், ஆயிரக்கால் மண்டபத்தின் அருகே கம்பத்திளையனார் சன்னிதி உளது. அருணகிரிநாதர் வேண்ட, முருகப்பெருமான் தூணில் காட்சியளித்த இடம் அஃது என்பர். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்புலவரின் திருப்புகழில், சுவாமிமலைப் பாடல் ஒன்றில், இந்திரனும் திருமாலும் நான்முகனும் முருகனுக்குச் சலாமிடுகின்றனர்!

சலாம் என்பது அரபுச் சொல். அமைதி என்பது அதன் பொருள். தேவர் வணக்கத்திற்கு இச்சொல்லா என்று முகஞ்சுளிப்பாரும் உளர். மாணவர்களே, உற்று நோக்குங்கள். ஓலமிடு, முறையிடு என்பன போலப் புலவர் அதனோடு 'இடு' என்னும் தமிழ் வினையைக் கூட்டினார். அமைதிப் பொருள் மறைந்தது. பணிந்து நிற்கும் செயல் தோன்றிற்று. 14ஆம் நூற்றாண்டில் மதுரையில் சுல்தான்கள் ஆண்டனர். அத்தகைய அரசவைகளில் குடிகள் காட்டிய பணிவைத் தேவர்கள்மேல் ஏற்றி, அவர்களை முருகன் அவையில் குடிகளாக நிறுத்துகிறது அவ்வொரு சொல். 'வணங்கினர்' என்றால் இக்காட்சி கிடைக்குமோ?

ஆங்கிலேயரும் 17ஆம் நூற்றாண்டில் இச்சொல்லை ஏற்று, நெற்றியில் கைவைத்துக் குனிதலைக் குறித்தனர். பின்னர் வினைச்சொல்லாகவும் ஆண்டனர்.

நம் இலக்கணம் இதனை ஒப்புமோ எனில், திசைச்சொல் என்றொரு வகையைத் தொல்காப்பியரே வகுத்துள்ளார். நன்னூல் உரையாசிரியர் எண்ணிக் காட்டும் பிறமொழி நிலங்களுள் சிங்களம், சீனம் ஆகியவற்றோடு சோனகமும் உண்டு. அராபியரைச் சோனகர் என்றே தமிழர் அழைத்தனர்.